இரண்டடித் தண்ணீர்

பஸ்ஸில் "ஸ்டாப்பிங், ஸ்டாப்பிங்" என்று நான் போட்ட கூச்சலை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. நடத்துநர் தன்பாட்டுக்கு வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்க வேண்டிய சந்தி ஜன்னலுக்கு வெளியே வந்தது, போனது. பக்கத்து இருக்கை அம்மா முழங்கையால் இடித்து, "இறக்கம் எண்டு சொல்லுங்கோ பிள்ளை. இல்லாட்டி உவன் பரந்தனிலதான் கொண்டே விடுவான்" என்றார். "இறக்கம்!" என்று அலறினேன். பஸ் சட்டென்று நின்றது. பெட்டியை இழுத்துக்கொண்டு கிளிநொச்சி வெயிலில் வந்த வழியே திரும்பி நடந்தேன். ஒரே மொழி பேசுகிற ஊர்தானே என்ற தைரியத்தில் கிளம்பி வந்தவளுக்கு இது வேண்டும்தான்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரி. வேலை திருச்சியில், கல்லூரியில். என்ன வேலை என்று உறவுக்காரர்கள் கேட்டால் "தண்ணீர் ஆராய்ச்சி" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். உண்மையில் என் வேலை, ஒரு குளத்தையோ காட்டையோ பற்றி யாராவது முடிவெடுக்கும் முன்னால் அதை நம்பிப் பிழைக்கிற எல்லோரிடமும் போய்க் கேட்பது. நெல் போடுகிறவருக்கு ஒன்று பெரிது, மாடு மேய்க்கிறவருக்கு வேறொன்று பெரிது, பறவை பார்க்கிறவருக்கு இந்த இரண்டுமே பெரிதில்லை. எவர் சொல்வதையும் மட்டமாக எண்ணாமல் எல்லோரையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் பேசவிட வேண்டும். "எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் சந்தேகப்படுங்கள்" என்று வகுப்பில் பிள்ளைகளிடம் தொண்டை வற்றச் சொல்கிறவள் நான்.

தர்சினி என் பழைய மாணவி. இப்போது கிளிநொச்சியில் அவளும் இதே வேலையில் இருக்கிறாள். ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் ஒரு சிறிய குளம், அதன் வானை இரண்டடி உயர்த்தலாமா என்று பேச்சு. வான் என்றால் குளம் நிரம்பி மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடுகிற கட்டு. அதை உயர்த்தினால் குளத்தில் கூடுதல் தண்ணீர் நிற்கும், கடைசி வயல்வரை பாயும். ஆனால் குளத்துக்கு உட்புறம் மேட்டோரமாக இருக்கிற நிலம், அலைகரை என்கிறார்கள், அது மூழ்கும். "மிஸ், இஞ்ச ஆளுக்கொரு கதை கதைக்கினம். நீங்கள் ஒருக்கா வந்து எல்லாரையும் இருத்திக் கேட்டியளெண்டால் நல்லம்" என்று போனில் சொன்னாள். நானும் வந்துவிட்டேன்.

தர்சினியின் வீட்டிலேயே தங்கல். அவள் அம்மா என்னைச் சமையல் நடக்கிற குசினிப் பக்கம் எட்டிப் பார்க்கவிடவில்லை. முதல் நாள் மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, குளத்து மீன் குழம்பு. பழக்கதோஷத்தில் சோற்றில் ஊற்றிக்கொள்ள ரசம் கேட்டேன். சாப்பிட்டு முடித்தபின் ஒரு கோப்பையில் கொண்டுவந்து வைத்து, "குடியுங்கோ, வயித்துக்கு நல்லம்" என்றார். எங்கள் ஊரில் ரசம் சாப்பாடு, இங்கே மருந்து. குழம்பின் உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துத் தர்சினி சிரித்தாள். அந்தச் சிரிப்போடு பயணம் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மறுநாள் காலை தர்சினியின் ஸ்கூட்டரில் குளம் பார்க்கக் கிளம்பினோம். சோளகக் காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறமாதிரி வீசியது. என் புடவை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். செம்மண் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. சுற்றிலும் ஒரு கடை கிடையாது. தள்ளிக்கொண்டே போய் அலைகரையோரம் ஒரு வீட்டு வேலிக்கதவடியில், படலை என்கிறார்கள், அங்கே நின்றோம்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். பெயர் செல்வராணி. நாற்பதைத் தாண்டியிருப்பார். தர்சினியிடம் "ஓம் தங்கச்சி, சித்தப்பாட்ட பம்ப் இருக்கு, எடுத்துத் தாறன்" என்று சொன்னவர், நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியதும் என் பக்கம் திரும்பி, "இந்தியாவாக்கா நீங்க? அட, உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றார். எனக்கு மன்னார்குடிக்கே போய்விட்டமாதிரி இருந்தது. அவருடைய பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவர காலத்தில் வன்னிக்கு ஓடி வந்தவர்கள். இவர் இங்கேயே பிறந்தவர். ஊராரிடம் ஊர்ப் பேச்சு, வீட்டுக்குள் அம்மாவின் பேச்சு. என்னை வீட்டுப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டார்.

பனங்கட்டியும் பால் விடாத பிளேன்ரீயும் தந்தார். கச்சான், அதாவது நம்ம நிலக்கடலை, காணி முழுக்கப் பச்சையாகப் படர்ந்திருந்தது. ஓரத்தில் பயறு, நாலைந்து முருங்கை, நடுவில் கிணறு. "நானும் எங்க வீட்டுக்காரரும் தோண்டினதுங்க. கல்லு வந்திருச்சு. விட்ருவோம்னாரு அவரு. நான்தான் விடலை." வீட்டுக்காரர் இப்போது புளியங்குளத்தில் மர ஆலையில் வேலை செய்கிறார். நெற்காணி இல்லை. நெல் போடுகிற நாட்களில் செல்வராணி மற்றவர்களுடைய வயலில் களை பிடுங்கப் போவார். "நம்மளுதுன்னா இது ஒண்ணுதாங்கக்கா" என்றார். வானை இரண்டடி உயர்த்தினால் மாரியில் தண்ணீர் எதுவரை வரும் என்று எனக்கு வரைபடத்தில் தெரியும். அந்தக் கிணற்றைத் தாண்டி வரும். நான் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சை அவர்கள்தான் தொடங்க வேண்டும், நாம் தூண்டக் கூடாது என்பது எங்கள் தொழில் ஒழுக்கம்.

அன்று பின்னேரம் கமக்காரர் என்று இங்கே சொல்கிற விவசாயிகளின் அமைப்புத் தலைவர் சிவபாதம் ஐயாவைப் பார்த்தோம். வில்லன் ஒருவரை எதிர்பார்த்துப் போனேன் என்று சொன்னால் கேவலம்தான், ஆனால் அதுதான் உண்மை. வெள்ளைக் கைலியும் பழைய சைக்கிளுமாக வந்தார். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். என்னைச் சைக்கிளுக்குப் பின்னால் நடக்கவைத்து வாய்க்காலோடு கூட்டிக்கொண்டு போனார். மேல் பக்கம் சிறுபோக நெல் பச்சையாக நின்றது. நடக்க நடக்கப் பச்சை மெலிந்து, கடைசியில் வெடித்த நிலம், வெறும் மாட்டுக் குளம்புத் தடம்.

"என்ர வயல் துருசடியில, குளத்துத் தண்ணி திறந்து விடுற இடத்தில, தங்கச்சி. எனக்குத் தண்ணி வரும். எனக்கு இந்த ரெண்டு அடி தேவையில்லை" என்றார். "ஆனா இந்த வால் பக்கத்துச் சனத்தைப் பாருங்கோ. வருசத்தில ஒரு போகம்தான். அதுவும் போன தரம் கதிர் வாற நேரம் காய்ஞ்சு போச்சு. தலைவர் எண்டு என்னை வைச்சிருக்கினம். நான் இவையின்ர முகத்தையும் பாக்கோணுமெல்லே?"

எங்கள் பக்கம் தண்ணீர்ச் சண்டை என்றால் பக்கத்து மாநிலம், வழக்கு, தொலைக்காட்சியில் கத்தல். எதிராளியின் முகத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை, நிம்மதியாகத் திட்டலாம். இங்கே எதிராளிக்குக் களை பிடுங்குகிறவர் செல்வராணி. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இதைத்தான் பேசித் தீர்க்க வைக்கப்போகிறேன் என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை வேறு.

அதற்கடுத்த நாள் தெற்கிலிருந்து ஓர் இளம் பொறியியலாளர் வந்தார். நல்ல பிள்ளை. சிரித்த முகம். தமிழ் தெரியாது. தண்ணீர் எங்கே வந்து நிற்கும் என்று அளந்து, மரங்களிலும் கல்லிலும் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். செல்வராணி காணியில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். வாளியால் அள்ளிக் கொடுத்தார் செல்வராணி. குடித்துவிட்டு அவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, "இப்பிடி நல்ல தண்ணி இந்தப் பக்கத்தில குடிக்கேல்லையாம்" என்று தர்சினி மொழிபெயர்த்தாள். செல்வராணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகு பொறியியலாளர் குனிந்து கிணற்றுக் கட்டில் சிவப்புக் கோடு ஒன்று இழுத்தார். இன்னும் ஏதோ சொன்னார். தர்சினி உடனே மொழிபெயர்க்கவில்லை. நான் இரண்டாம் தரம் கேட்டபிறகு, "ரெண்டு அடிதானே, பெரிய வித்தியாசமில்லை எண்டு சொல்லுறார்" என்றாள்.

கூட்டம் வாசிகசாலையில் நடப்பதாக ஏற்பாடு. நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருப்பவர் வவுனியாவுக்குக் கலியாணத்துக்குப் போய்விட்டார். சனம் வெயிலில் நின்றது. எனக்கு எரிச்சலாக வந்தது. கொஞ்சம் தள்ளிக் குளக்கட்டில் ஒரு பிள்ளையார் கோயில், முன்னால் பெரிய மருதமரம், நல்ல நிழல், காற்று. "அங்கேயே உட்காரலாமே" என்றேன்.

"கோயிலடியிலயோ மிஸ்?" என்றாள் தர்சினி.

"ஏன், நிழல்தானே வேணும்? வா வா" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். சிவபாதம் ஐயா உட்காரும் முன் பிள்ளையார் முன்னால் கொஞ்ச நேரம் கைகூப்பி நின்றார். வழக்கமான பக்தி என்று நினைத்தேன்.

நான் படங்களை விரித்தேன். நெல், கச்சான், மாடு, மீன், பறவை. ஆளுக்குக் கை நிறையப் புளியங்கொட்டை. எது உங்களுக்கு முக்கியமோ அதன்மேல் வையுங்கள், பிரித்தும் வைக்கலாம், இது வெறும் பேச்சுத்தான், நாளைக்கு மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம் என்று விளக்கினேன். நான்கைந்து தரம் விளக்கினேன். வால் பக்கத்து ஆட்கள் நெல்லில் வைத்தார்கள். மீன் பிடிக்கிற பெரியவர் ஒருவர் யோசித்து, யோசித்து, அவரும் நெல்லில் வைத்தார். செல்வராணியின் முறை வந்தது. எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். கையிலிருந்த அத்தனை கொட்டையையும் நெல்லின் மேல் வைத்தார்.

"வானை உயர்த்தினால் உங்க காணி போகுமே, தெரியுமில்லையா?" என்று நானே வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். ஒழுக்கமாவது, ஒன்றாவது.

"தெரியும். உயர்த்துங்கோ" என்றார். என்னிடம் பேசுகிற பேச்சில் இல்லை, ஊர்ப் பேச்சில். எல்லோருக்கும் கேட்கிறமாதிரி. பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சிவபாதம் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் சந்தேகப்படு என்று சொல்லித் திரிகிற நான் அந்த நிமிஷம் சந்தேகப்பட்டேனா? இல்லை. எனக்குச் சிலிர்த்தது! பாருங்கள், உட்காரவைத்துப் பேசினால் மனிதர்கள் எவ்வளவு பெரிய மனதோடு நடந்துகொள்கிறார்கள் என்று நெஞ்சு பூரித்துப்போனேன். திரும்பி வருகிற வழியில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து தொணதொணவென்று பேசிக்கொண்டே வந்தேன்.

வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் தர்சினி சொன்னாள். "மிஸ், எங்கட பக்கத்தில ஒவ்வொரு போகத்துக்கும் முன்னம் அந்தப் பிள்ளையாரடியிலதான் கூடுவினம். பொங்கி, படைச்சு, ஆர் எவ்வளவு விதைக்கிறது, ஆருக்கு எப்ப தண்ணி எண்டு ஒவ்வொருத்தரும் வாயால சொல்லோணும். அங்க தண்ணியைப் பற்றிச் சொன்னது கதை இல்லை, முடிவு. பேந்து ஒருத்தரும் மாத்திறேல்லை. மாத்தினா அடுத்த தரம் அவரை ஆரும் நம்பாயினம்."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதாடி?"

"கேட்டனான்தானே மிஸ், கோயிலடியிலயோ எண்டு."

எங்கள் ஊரில் அது கேள்வி. இங்கே ஒரு மூத்தவளிடம் அதைவிட அழுத்தமாக வேண்டாம் என்று சொல்ல முடியாது. மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம் என்று நான் நான்கைந்து தரம் கூவியதை அந்தச் சனம் எப்படிக் கேட்டிருக்கும்? வெளியூர்க்காரி, கோயில் வழக்கம் தெரியாமல் பேசுகிறாள் என்று பொறுத்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

விடிந்ததும் சிவபாதம் ஐயாவிடம் ஓடினேன். பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எனக்கும் கதிரை இழுத்துப் போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. தப்பு என்னுடையது, வாசிகசாலையைத் திறந்து இன்னொரு தரம் கூட்டுங்கள் என்று கெஞ்சினேன்.

"நானும் ராத்திரி நித்திரை கொள்ளேல்லை, தங்கச்சி" என்றார். "செல்வராணி ஏலாது எண்டு சொல்லுவா, பேந்து ரெண்டு பக்கமும் கதைச்சு ஒரு அடியோட நிப்பாட்டலாம் எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். அலைகரை பாதியாவது தப்பும். வால் பக்கமும் கொஞ்சம் நனையும். மனசுக்குள்ள வைச்சிருந்தனான். ஆனா அவா சொல்லிப்போட்டா. அவா சொன்னதை நான் எப்பிடி மாத்திறது? மாத்தினா, செல்வராணி சொன்னது ஒரு சொல்லில்லை எண்டு நானே ஊருக்குச் சொன்னமாதிரி. அவா வந்து மாத்திச் சொல்லட்டும். நான் முதல் ஆளா ஒத்துக்கொள்ளுவன்."

ஒரு அடி. நாங்கள் யாரும் யோசிக்காத ஒரு அடி அவர் மனசுக்குள் இருந்திருக்கிறது. சண்டை வந்திருந்தால் வெளியே வந்திருக்கும். சண்டை வராமல் நான் பார்த்துக்கொண்டேன்.

செல்வராணி அன்று துருசடி வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். நான் வரம்பில் வழுக்கி ஒரு காலைச் சேற்றில் விட்டு, செருப்பைத் தேடி எடுத்து, ஒருவழியாக அவர் பக்கம் போய்ச் சேர்ந்தேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் நிமிர்ந்து, "பாத்துக்கா, மெதுவா" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சிவபாதம் ஐயா ஒரு அடிக்குச் சம்மதிப்பார், நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி என்மேல் போட்டுவிடுங்கள், அந்த இந்தியாக்காரி குழப்பிவிட்டாள் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் கையிலிருந்த களையை வரம்பில் எறிந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா. சொன்னது சொன்னதுதான்."

"கிணறு போயிடுமே செல்வராணி."

"போகும்ங்க."

"பிறகு ஏன் சொன்னீங்க? ஐயா வயலில் வேலை செய்யுறீங்க, அந்தப் பயமா?"

"ச்சே, அவரு அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க." சேற்றுக் கையை வாய்க்காலில் அலசிக்கொண்டார். "எங்கப்பா இந்தப் பிள்ளையாரடிக் கூட்டத்துல தூரமா கட்டு மேல நின்னுதான் பாப்பாரு. நானும் அப்படித்தான். வயல் இருக்கிறவங்க பேசுவாங்க, நாங்க கேட்டுட்டு வருவோம். எங்கள்ல ஒருத்தரை முன்னுக்குக் கூப்பிட்டு, கையில கொட்டையைக் குடுத்து, நீ என்ன சொல்லுறேன்னு கேட்டது அன்னிக்குத்தாங்கக்கா. ஊரே என் வாயைப் பாத்துக்கிட்டு இருக்கு. மொதத் தடவையா கேக்குறப்போ, எனக்கு என் காணிதான் வேணும்னா சொல்லுவேன்? வாலுல உள்ள பிள்ளைகளையும் நெனைக்கணுமில்ல. ஊருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு."

அதற்குள் வரிசை முன்னே போய்விட்டது, யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "வாறன், வாறன்" என்று குரல் கொடுத்தவர், போகாமல் நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"நான் சரியாத்தானே சொன்னேன்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்கக்கா."

"நல்லா சொன்னீங்க" என்றேன்.

சின்னப் பெண்ணைப்போல அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, வரிசையைப் பிடிக்க வேகவேகமாகச் சேற்றில் நடந்து போனார்.